ஒன்பது பேர் பெயர் போட்ட பெட்டி

சர்க்யூட் செய்ய தினகரனுக்குப் பதினோரு நாள்தான் பிடித்தது. அதை வைக்கப் பெட்டி செய்வதில்தான் நாலு மாதம் போனது.

இருபத்திரண்டு வருடம் உழைத்த சிங்கப்பெருமாள் கோவில் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அவரை ஒரு மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஐம்பது வயதில் இன்டர்வியூவுக்குப் போனால், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் "அங்கிள்" என்று கூப்பிட்டுவிடாமல் இருக்கப் படாதபாடு பட்டார்கள். ஆகவே, பெருங்களத்தூரில் தான் குடியிருக்கும் பிளாக்கின் மாடிப்படி, பார்க் விளக்குகளையெல்லாம் போனிலிருந்தே போட்டு அணைக்க ஒரு வைஃபை கன்ட்ரோலர் செய்தார். பில்டரின் ஆள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்துவிட்டால் மற்ற ஏழு பிளாக் ஆர்டரும் தினகரனுக்கு. பிடிக்காவிட்டால் என்ன என்று அவர் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு வேறெதுவும் மிச்சமில்லை.

பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவில் வைத்தபோது அது அருமையாக வேலை செய்தது. அசோசியேஷன் செயலாளர் ஜெயவேலு வந்து பார்த்தார். குடும்பத்து வயலை பில்டருக்குக் கொடுத்து ஆறு ஃபிளாட்டும் ஒரு பதவியும் வாங்கிக்கொண்டவர்.

"இன்னா தினகரன் சார், உள்ள தயிர்சாதம் எதுனா கீதா? தொண்ணூத்தாறு ஃபிளாட்டுக்கு இதா மரியாதை? எவர்சில்வர்ல பண்ணுங்க. கமிட்டி பேரெல்லாம் போடுங்க."

"சுத்தி உலோகமா இருந்தா சிக்னல் வெளிய வராது சார்."

"லிஃப்ட்டு எவர்சில்வர்தானே? உள்ள நின்னுகினு நான் போன் பேசலையா?"

பேசுவது உண்மைதான். எதிர்முனையில் யாருக்கும் கேட்பதில்லை என்பதை மட்டும் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. எவர்சில்வர் பெட்டித் தீர்மானம் கமிட்டியில் ஏகமனதாக நிறைவேறியது.

தினகரனுக்கு ஒரு வழி தோன்றியது. பெயர்களைப் பொறிக்காமல், தகட்டைத் துளைத்தே எழுத்தாக வெட்டிவிட்டால் அந்த இடுக்குகள் வழியாகச் சிக்னல் கசியும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். "பேரை இன்னும் பெருசாப் போடணும்" என்று கமிட்டியிடம் சொன்னபோது, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கூட்டம் அவருக்குக் கைதட்டியது. ஒன்பது பேரும் ஸ்கேல் வைத்துத் தத்தம் எழுத்தை அளந்து பார்த்துக்கொண்டார்கள்.

முடிச்சூர் சாலையில் லேசர் கட்டிங் பட்டறை வைத்திருக்கும் அக்தர் வெட்டிக் கொடுத்தார். அங்கேயே சோதித்தார்கள். விளக்கு எரிந்தது.

"அண்ணே, இவுங்க பேரச் சொல்லி வெளிய வந்த ஒரே நல்ல விஷயம் இதான்ணே" என்றார் அக்தர். தினகரன் சிரித்தார். சிரித்து நாளாகியிருந்ததால் கன்னம் வலித்தது.

சனிக்கிழமை, பூஜை போட வேண்டுமென்று ஜெயவேலு பெட்டியை வாங்கிப் போனார். ஞாயிறு மாலை அது சந்தனம், குங்குமம், மாலையோடு சுவரில் ஏறியிருந்தது. பில்டரின் ஆள் ஜோஸ்வின் வந்தார். தினகரன் போனை அழுத்தினார். ஒன்றும் எரியவில்லை. மறுபடி அழுத்தினார். கிட்டே போய்ப் பார்த்தார். எழுத்துகள் தங்கமாக மின்னின.

"ஓட்டை ஓட்டையா அசிங்கமா இருந்துச்சு சார்" என்றார் ஜெயவேலு. "பின்னாடி பித்தளைத் தகடு வெச்சு ஒட்டிட்டேன். பேரு இன்னா பளபளன்னு கீது பாத்தீங்களா?"

"தகட்டை எடுத்துடலாம் சார். ரெண்டே நிமிஷம்."

"பூஜை போட்டதப் பிரிக்கிறதா? நல்லா கீதே நியாயம்!" கமிட்டி மொத்தமும் தலையசைத்தது. வாட்ச்மேன் போய்ப் பழைய ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு வந்தார்.

அந்த வெளிச்சத்தில் ஜோஸ்வின் பெட்டியை நாலாபக்கமும் படம் எடுத்தார். "ஃபினிஷிங் சூப்பர் சார். ஏழு பிளாக்குக்கும் வேணும். யார் டிசைன்?"

"நான்தான்" என்றார் தினகரன்.

"பெட்டி மட்டும் போதும் சார், உள்ள ஒண்ணும் வேணாம். அந்தந்த கமிட்டி பேர் போட்டுக்கலாம். டிராயிங்கை வாட்ஸ்அப் பண்ணிடுங்க, பட்டறையில நாங்களே பேசிக்கிறோம்."

கமிட்டி கைதட்டியது. தினகரன் டிராயிங்கைத் தேடி எடுத்தார். அளவெல்லாம் மில்லிமீட்டரில் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். பிறகு அனுப்பினார்.

மூன்றடி தள்ளி நின்றிருந்த ஜோஸ்வின், ஏறெடுத்துப் பார்க்காமல், கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.