பெரியவர்கள் கிளினிக்

சாரங்கனுக்குப் பதினெட்டு முடிந்ததும், சிறுவர் மனநலக் கிளினிக்கில் அவனைப் பார்த்து வந்த நதீஷா டொக்டர், இனி அவன் பெரியவர்களின் கிளினிக்குக்குத்தான் போகவேண்டும் என்று சொன்னார். தாய் சுபோதினிக்கு முதலில் அது நல்ல செய்தி போலத்தான் கேட்டது. மகன் வளர்ந்துவிட்டான் என்றுதானே சொல்கிறார்கள்.

அவனுடைய வருத்தம், அந்த நோய், பத்தாம் ஆண்டு படிக்கும்போது தொடங்கியது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் கை கழுவுவான். துடைத்துவிட்டு மறுபடி கழுவுவான். பிள்ளை நல்ல சுத்தம் என்று வெள்ளவத்தை ஃப்ளாட்டில் அக்கம்பக்கத்தாரிடம் சுபோதினி பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறாள். கை துடைக்கும் துவாயில் இரத்தத்தைக் கண்ட அன்றுதான் அவனைப் பிடித்து உட்காரவைத்தாள். கெஞ்சிக் கெஞ்சிக் கேட்ட பிறகு வாயைத் திறந்தான்.

"பஸ்ஸில பிடிச்ச கம்பியில ஏதும் இருந்து, என்ர கையால உங்களுக்கு வந்திட்டா? நீங்க செத்திடுவீங்க அம்மா."

"என்ன விசர்க்கதை இது?"

"விசர்க்கதை எண்டு எனக்கும் தெரியும். ஆனா கழுவாம இருக்க ஏலாது."

நதீஷா டொக்டர் சிங்களவர். தொடக்கத்தில் உடைந்த தமிழில்தான் கதைப்பார். அந்தத் தமிழைத் திருத்துவதற்காகவே சாரங்கன் வாய் திறக்கத் தொடங்கினான். கதவுப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கச் சொல்லி, அவன் வியர்த்து நடுங்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கிரிக்கெட் கதை கதைப்பார். மெல்ல மெல்லத் தேறினான். உயர்தர ஏ.எல். சோதனையும் எழுதினான். தாய்க்குப் பக்கத்திலிருந்து இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டான். கரை ஏறிவிட்டோம் என்றே சுபோதினி நினைத்தாள்.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு நீங்களே பாக்கேலாதோ டொக்டர்?" என்று அந்தக் கடைசி நாளில் கெஞ்சினாள்.

"எனக்கும் ஆசைதான் அம்மா. இங்க பிள்ளைகளுக்கு மட்டும்தான்."

சாரங்கன் எழும்பி முதலில் வெளியே போனான். போகும்போது திரும்பியும் பார்க்கவில்லை.

புது கிளினிக் வேறொரு ஆஸ்பத்திரியில். காலையிலேயே போயும் மத்தியானம் தாண்டித்தான் அவர்களுடைய முறை வந்தது. நீள வாங்கில் உட்கார்ந்திருந்த அவனுக்கு ஒரு பக்கம் தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்த வயதானவர். மறுபக்கம், கணவனின் வாயோரம் வடிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மனுசி. சாரங்கன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்தபடி, எதிலும் படாமல் குறுகிப்போய் இருந்தான். அவனுடைய கண் அந்தக் கிழவரைவிட்டு நகரவில்லை. நானும் கடைசியில் இப்படித்தானா என்று அவன் நினைக்கிறான் என்பது சுபோதினிக்கு விளங்கியது. அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தக் கிழவருக்குக் கேட்டுவிடும் என்று விட்டுவிட்டாள்.

உள்ளே ஒரே மேசையில் இரண்டு டொக்டர்மார், இரண்டு நோயாளர். இளம் டொக்டர் ஒருவர் சிங்களத்தில், என்ன பிரச்சினை என்று அடியிலிருந்து கேட்டார். சுபோதினி முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். டொக்டர் சிங்களத்திலேயே, மரியாதையாகத்தான் மறித்தார்: "அவர் இப்ப வளர்ந்தவர் அம்மா. அவரே சொல்லட்டும். நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

அதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. வெளியே வந்து நின்றாள். அவள் மூச்சுவிட்டுத் திரும்புவதற்குள் அவன் மருந்து எழுதிய துண்டுடன் வந்துவிட்டான்.

ஓட்டோவில் அவள் கேட்டாள். "என்னப்பன் சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்ல. பக்கத்தில ஒரு ஆள் இருக்கேக்க என்னெண்டு சொல்லுறது? மருந்துக் குளிசையைத் தொடர்ந்து போடட்டாம்." இறங்கும்போது, "நான் இனி வரமாட்டன்," என்றான்.

கோபத்தில் சொல்கிறான், ஆறும் என்று நினைத்தாள். ஆறவில்லை. குளிசையையும் விட்டான். நண்பன் றொஹானோடு சேர்ந்து பம்பலப்பிட்டியில் படிக்கத் தொடங்கிய கணினி வகுப்புக்குக் கொஞ்ச நாள் போனான். பிறகு பஸ் ஏற ஏலாது என்று நின்றுவிட்டான். றொஹான் எடுத்த அழைப்புகள் அடித்து அடித்து ஓய்ந்தன. பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் நீண்டுகொண்டே போனது. கட்டாரில் வேலை செய்யும் கணவன் தனஞ்சயன் ஃபோனில் சத்தம் போட்டான்.

"நீ குடுத்த செல்லம்தான் எல்லாம். இழுத்துக்கொண்டு போய்க் காட்டு!"

"அவன் என்னைவிட உயரம் இப்ப. என்னெண்டு இழுக்கிறது? நீங்கள் வந்து இழுங்கோவன்."

லீவு கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

ஒருநாள் வேலைக்குப் போகாமல் பழைய சிறுவர் கிளினிக்குக்குத் தனியே போனாள். சுவரெல்லாம் பிள்ளைகள் கீறிய படங்கள். மகனில்லாமல் அங்கே நிற்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. நதீஷா டொக்டர் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்டார்.

"அவர் விரும்பி வரவேணும் அம்மா. உயிருக்கு ஆபத்து எண்டா வேற. மற்றபடி ஒருத்தரும் கட்டாயப்படுத்த ஏலாது."

"அப்ப உயிருக்கு ஆபத்து வருமட்டும் நான் பாத்துக்கொண்டு இருக்கவோ?"

பெரியவர்கள் கிளினிக்கில் கதைத்துப் பார்க்கிறேன் என்று மட்டும் டொக்டர் சொன்னார். கதைத்தும் இருப்பார், ஒருநாள் அந்த கிளினிக்கிலிருந்து ஒரு நேர்ஸ் மிஸ் அழைத்தார். மகனுடன் பேசவேண்டும் என்றார். சுபோதினி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பாத்ரூம் கதவருகே நீட்டினாள். "வேண்டாம், தாங்க்ஸ்," என்றான் சாரங்கன், நல்ல மரியாதையாக. அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிறு காலை தண்ணீர் நின்றது. பாத்ரூமுக்குள்ளேயிருந்து சாரங்கன் கத்தினான்.

"அம்மா! தண்ணி இல்ல! கை முழுக்கச் சவுக்கார நுரை!"

அவள் கீழே ஓடினாள். கீழ்த்தளத்தில் இருக்கும் இப்திகார் நானா சாரத்தோடு வாசலில் நின்று மேலே தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்கி காலி, தங்கச்சி. நேத்துத்தான் நெறஞ்சது. எங்கயாச்சும் குழாய் திறந்து கிடக்கோ தெரியல்ல."

சுபோதினி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு வாளி தண்ணி இருக்குமோ நானா?"

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். சமைக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு வாளி கொண்டுவந்து வைத்தார்.

படியேறும்போதுதான் நதீஷா டொக்டர் எப்போதும் சொல்வது அவளுடைய ஞாபகத்தில் முட்டியது. மகன் கழுவ நீங்க உதவி செய்தா, அது மகனுக்கில்ல, வருத்தத்துக்குச் செய்யிற உதவி. வாளியைக் கீழே வைத்தாள். மேலே அவன் அழுகிற சத்தம் கேட்டது. சிறு பிள்ளைபோல, விக்கி விக்கி. வாளியைத் தூக்கினாள்.

"கொண்டந்திட்டன் அப்பன். கதவைத் திற."

கதவு ஒரு சாண் திறந்தது. முழங்கை வரை தோல் வெடித்துச் சிவந்த இரண்டு கைகள். நுரைக்குள் இரத்தம் கீற்றுக் கீற்றாகக் கசிந்தது.

"கிட்ட வராதேங்கோ அம்மா. உங்களுக்கு ஏதும் வந்திடும். வைச்சிட்டுப் போங்கோ."

"எனக்கு ஒண்டும் வராதடா. இஞ்ச பார், நான் நல்லாத்தானே நிக்கிறன்."

"தெரியும்," என்றான் அழுதுகொண்டே. "தெரியும் அம்மா. போங்கோ."

வாளியை உள்ளே தள்ளிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள். கோப்பையால் மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. விரைவிலேயே கோப்பை வாளியின் அடியைச் சுரண்டியது.

"காணாது அம்மா. இன்னும் ஒரு வாளி."

சுபோதினி சமையலறைக்குள் போய் வெறும் வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி படியிறங்கினாள்.