ஒரு சாண் கீபோர்டு

மகளின் வலது கையில் நான்கு விரல்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குப் போயின. கட்டைவிரல் தப்பித்துக்கொண்டது, அதனால் அதற்கு விலை பேசவில்லை. பேருந்துக் கதவு விரல்களோடு மூடி, வண்டியும் கிளம்பிவிட்ட விபத்து அது. காப்பீட்டு ஆள் வீடு தேடி வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று ஆரம்பித்தார். எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவுக்குச் சந்தையில் கொசுறு என்று பெயர் என்பது பாவம், வந்தவருக்குத் தெரியாது.

கொசுறு பழைய மரச்சாமான் வியாபாரி. வீடு காலி செய்கிறவர்களிடம் கட்டில், மேசை, பீரோ எல்லாம் வாங்கி, ஆட்டத்தை நிறுத்தி, பாலிஷ் ஏற்றி விற்கிறவர். எதை வாங்கினாலும் கூடவே ஒன்றை ஓசியில் கேட்காமல் வாசல்படி தாண்டமாட்டார். பல் பிடுங்கப் போன இடத்தில் பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கச் சொன்னார் என்று எதிர்க்கடைக்காரர்கள் கதை கட்டியிருந்தார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

அன்றைக்கு அவர் பேசிய பேச்சில் காப்பீட்டு ஆள் இரண்டு தடவை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எழுபதாயிரம் ஏறியது. ஆளை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்து, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தார். மனைவி கதவைத் தட்டவில்லை.

அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி தின்றது போக, மருந்து தின்றது போக, கைப்பயிற்சி தின்றது போக, நாற்பத்தெட்டாயிரம் மிஞ்சியது. அது பெண்ணின் பணம், அதில் ஒரு காசு கடைக்குள் போகக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். கொசுறு வாழ்நாளில் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

மகளுக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே பேராசிரியர் பேசுவதை எதிலும் பதிவு செய்யக்கூடாது. காதில் விழுவதை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் குறிப்புதான் பாடப்புத்தகம், அதுதான் பரீட்சை. இடது கையால் பேனா பிடித்தால் அவள் எழுத்து எறும்பு மைக்கூட்டில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருந்தது. ஆனால் கைப்பயிற்சி அறையில் ஒரு சின்ன லேப்டாப் கிடந்தது. அதில் இடது கையை நடுவில் வைத்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விரல்களை ஓடவிட்டு, ஒற்றைக் கையால் தட்டக் கற்றுக்கொண்டாள். போகப்போக, வானொலிச் செய்தியை வாசிக்க வாசிக்கத் தட்டும் அளவுக்கு வேகம் வந்தது. கீபோர்டு சுமார் ஒரு சாணுக்குள் அடங்கவேண்டும், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் கை இடம் பெயர வேண்டியிருக்கும். கை பெயர்ந்தால் பேச்சு தப்பிவிடும்.

“சின்னதா இருக்கணும்பா. கை எட்டணும்,” என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். கொசுறுவுக்குச் சின்னது என்பது மட்டும்தான் காதில் ஏறியது. தூக்கிக்கொண்டு நடக்கச் சுலபம் என்று எடுத்துக்கொண்டார்.

கடைக்குப் போகிற வழியில் அவர் பாடம் நடத்தினார். உள்ளே போனதும் வாயைத் திறக்காதே. கையைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்காதே. நமக்கு இது இல்லாமல் முடியாது என்று கடைக்காரனுக்குத் தெரிந்த நிமிஷமே விலை ஏணி போட்டு ஏறிவிடும். அவள் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். இதெல்லாம் அவளுக்குப் பால்பல் விழுந்த காலத்துப் பாடம்.

சின்ன வயதிலேயே வீடு வீடாக அப்பாவோடு போனவள் அவள். தொழிலில் அவர்களுக்கு ஒரு நாடகம் உண்டு. எந்தச் சாமான் வேண்டுமோ அதைத் தொட்டுப் பார்த்து, “இது ஆடுதுப்பா,” என்று குழந்தை முகத்தைச் சுளிக்கும். அப்பா அதை விட்டுவிட்டு, வேண்டாத வேறொன்றுக்குப் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவார். வீட்டுக்காரர் இறங்கி இறங்கித் தரையைத் தொடும் நேரத்தில், “சரி விடுங்க, அந்த மூலையில ஆடிக்கிட்டு நிக்குதே, அதையாவது எடுத்துட்டுப் போறேன்,” என்று திரும்புவார். அந்தத் திருப்பத்தில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நடுவில் நம் ஆளை நாமே மறுத்துப் பேசக்கூடாது என்பது அந்த நாடகத்தின் ஒரே சட்டம்.

லேப்டாப் கடை பளிங்குபோல் இருந்தது. வெள்ளை மேசைகளில் லேப்டாப்புகள் வாயைத் திறந்தபடி வரிசையாக இருந்தன. விற்பனைக்கு நின்ற பெண் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, பொறுமையான முகத்தோடு பின்னாலேயே வந்தாள். பார்க்கும்போதே கொசுறுவுக்கு எரிச்சல். ஒவ்வொன்றுக்கும் விலை அச்சடித்து ஒட்டியிருந்தது. சின்னது பெரியதைவிட மலிவாக இருக்கவேண்டும் என்ற அடிப்படை நியாயம்கூட அந்தக் கடையில் இல்லை. பெரியவை சில அதற்கும் கீழே நிற்க, மெலிசாக, கையளவாக இருந்தது நாற்பத்தேழாயிரம். கட்டில் சின்னதாகிவிட்டது என்று விலையை ஏற்றுகிற கடையை அவர் உலகத்தில் பார்த்ததில்லை.

மகள் அந்தக் கையளவு லேப்டாப்பின் முன்னால் நின்றாள். ஒரு விரலால் மூடியைத் தூக்கினாள். அடிப்பாகம் அசையாமல் மூடி மட்டும் எழுந்தது. இடது கையை நடுவில் வைத்துக் கொஞ்சம் தட்டினாள். வலது கை சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி, நீலச்சட்டைப் பெண்ணுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

“எழுத்துக் கட்டையெல்லாம் ரொம்ப நெருக்கமா இருக்குப்பா. விரல் இடிக்குது.”

வேறொரு நாளாக இருந்தால் கொசுறுவுக்கு உடனே புரிந்திருக்கும். ஆனால் வழியெல்லாம் வாயைத் திறக்காதே என்று அவரே சொல்லிக்கொண்டு வந்திருந்தார். சொல்லியும் வாயைத் திறக்கிறாள் என்றால் நிஜமாகவே இடிக்கிறது என்று அவர் மனசு கணக்குப் போட்டது. இது யாரோ வீட்டுப் பீரோ இல்லையே, அவள் கைக்கு வாங்குவது. இதில் எதற்கு நடிக்கப் போகிறாள் என்றும் நினைத்தார்.

நீலச்சட்டைப் பெண்ணும் நல்லவள். விரல் இடிக்கிறது என்றதும், அகலமான கட்டைகள், பக்கத்தில் எண்களுக்குத் தனி வரிசை, பெரிய திரை என்று இன்னொன்றைக் காட்டினாள். விலை ஐம்பத்தெட்டாயிரம். அதைப் பார்த்ததும் கொசுறுவின் முதுகு நிமிர்ந்தது. பேரம் பேச இடமிருக்கிற விலை அது.

அவர் பேசினார். மூடியில் ஒரு கீறலைக் கண்டுபிடித்தார். பெட்டி எங்கே, பெட்டி கிழிந்திருக்கிறதே என்றார். இது காட்சிக்கு வைத்தது, பத்துப் பேர் கைபட்டது, எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பழைய சாமான் என்றார். பெண் உள்ளே போய் மேலாளரைக் கேட்டுவிட்டு வந்தாள். மறுபடியும் போனாள். ஐம்பத்திரண்டு ஆயிற்று, நாற்பத்தெட்டு ஆயிற்று. கொசுறு வாசல்வரை நடந்து காட்டினார். அந்தப் பளிங்குக் கடையிலும் அவரைக் கூப்பிட்டார்கள்.

நடுநடுவே மகளைப் பார்த்துக்கொண்டார். அவள் கண் விரிய அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விபத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அவர் கண்டதில்லை. அப்பனுடைய திறமையைப் பார்த்துப் பூரிக்கிறாள் என்று நினைத்தார். இன்னும் ஓர் ஆயிரத்தைக் குறைத்தார்.

நாற்பத்து நாலாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. பணத்தை எண்ணி வைத்தார். பில் வந்தது. கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடுவதற்குள் தோள்பை ஒன்றும் மௌஸ் ஒன்றும் ஓசியில் கேட்டு வாங்கினார். மகள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த வெளிச்சம் அணைந்தது. அதை அவர் பார்க்கவில்லை. மௌஸுக்கு மின்கலம் கூட வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவரே பேசினார். பையைத் தூக்கியபோது தோள் ஒருபக்கம் சாய்ந்தது. கனமாக இருப்பதுதான் நல்ல சாமான் என்று சொல்லிக்கொண்டார். மனைவி கதவைத் திறந்ததுமே பதிமூன்றாயிரத்து ஐந்நூறு குறைத்த கதையை முழுக்கச் சொன்னார். மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தாள். மூடியைத் தூக்கினாள், அடிப்பாகமும் சேர்ந்து எழுந்தது. முழங்கையால் அமுக்கிக்கொண்டு திறந்தாள். இடது கையை நடுவில் வைத்தாள். ஒரு பக்கம் எட்டினால் மறுபக்கம் எட்டவில்லை. மௌஸை எடுத்துப் பார்த்தாள். அது வலது உள்ளங்கைக்கு வார்த்தது.

“என்னடி பேசாம இருக்கே?” என்றாள் அம்மா.

“அப்பா எப்பத் திரும்புவார்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்மா,” என்றாள் மகள். குரலில் கோபம் எதுவும் இல்லை. “பணம் எண்ணும்போதும் திரும்புவார்னுதான் நினைச்சேன். கையெழுத்துப் போடும்போதும்.”

கொசுறுவுக்குக் கொஞ்சநேரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். விரல் இடிக்குதுன்னு சொன்னியேம்மா என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. அந்த வாக்கியத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்பது அவருக்குத் தெரியும்.

“சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார் கடைசியில்.

“அவங்க முன்னாடி உங்களை எப்படிப்பா மறுத்துப் பேசுறது?”

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “உங்க மூளையை யாராவது பழைய விலைக்குக் கேட்டா குடுத்துடுங்க. கொசுறு எதுவும் கேக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கு இருவரும் போய் நின்றார்கள். கொசுறு ஒருநாளும் செய்யாததைச் செய்தார்: உண்மையைச் சொன்னார். மகள் கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். நீலச்சட்டைப் பெண் அதைப் பார்த்துவிட்டு, பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரையைத் துடைத்தாள்.

“முதல்லயே கையைக் காட்டியிருந்தீங்கன்னா அந்தப் பெரியதை நான் எடுத்தே இருக்கமாட்டேன் சார்,” என்றாள்.

தள்ளுபடியில் இவ்வளவு இறங்கிக் கொடுத்ததைத் திரும்ப எடுக்க வழியில்லையாம். பில்லின் அடியில் அச்சடித்திருந்தது, அதன்கீழ்தான் அவர் கையெழுத்து. மேலாளரே வெளியே வந்தார். வேண்டுமானால் பழையதாக எடுத்துக்கொள்கிறோம் என்று இருபத்தாறாயிரம் சொன்னார். நேற்று வாங்கியது என்றார் கொசுறு. வாசல் தாண்டிவிட்டால் பழையதுதானே என்றார் மேலாளர். அதே வார்த்தையைக் கொசுறு எத்தனை வீட்டு வாசலில் நின்று, புதுக் கட்டிலை விற்கிற எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்.

சின்னது அதே மேசையில் அதே இடத்தில் இருந்தது. நேற்று காலையில் அச்சடித்த விலையை அப்படியே கொடுத்திருந்தால் ஆயிரம் மிச்சத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். சொல்கிற விலைக்கு வாங்குவது ஏமாளித்தனம் என்று அவர் வளர்ந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எதற்கும் இருக்கட்டும் என்று பெரியதையே திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெரிந்த வியாபாரிகளிடம் கொசுறு ஒரு சுற்று கேட்டுப் பார்த்தார். ஒருவரும் இருபத்தாறைத் தாண்டவில்லை. சிலர் அவரிடமே கற்ற வித்தையை அவரிடமே காட்டினார்கள். அவர் கடையில் பீரோக்கள் அசையாமல் நின்றன. மழைக்காலத்தில் யாரும் மரச்சாமான் வாங்குவதில்லை. கடன் கேட்கப் போன இடத்தில், உன்னிடம் யார் பேசி ஜெயிப்பது என்று சிரித்துத் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

வகுப்புகள் தொடங்கின. பெரிய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மகள் போனாள். வகுப்பில் நாற்காலிகளுக்கு எழுதுபலகை வலது கைப்பக்கம் மட்டும்தான் இருந்ததாம். அதில் லேப்டாப் பாதி உட்கார்ந்தது, பாதி தொங்கியது. மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தாள். கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய் வருவதற்குள் பேராசிரியர் அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். பக்கத்துப் பெண்ணிடம் குறிப்பு கேட்டாள். முதல் வாரம் கொடுத்தாள்; இரண்டாவது வாரம், எனக்கே புரியற மாதிரிதான் எழுதியிருக்கேன், உனக்குப் புரியாது என்றாள்.

இதெல்லாம் அவள் அம்மாவிடம் சொன்னது. அப்பாவிடம், பரவாயில்லைப்பா, பழகிடும் என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் நன்றாக நடித்தாள். இந்த முறை கொசுறுவுக்குப் புரிந்தது.

முதல் தேர்வில் அவள் தேறவில்லை. இனி இப்படியே போனால் இந்த வருஷம் நின்றுவிட்டு அடுத்த வருஷம் வரச் சொல்லிவிடுவார்கள் என்று ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லிவிட்டு, பையை மூலையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். இடமும் அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கொசுறு கடையில், விற்காத மேசை ஒன்றின்முன் உட்கார்ந்தார். கையில் மிச்சம் மூன்றாயிரத்து ஐந்நூறு. பெரியதைக் கொடுத்தால் இருபத்தாறாயிரம். ஆக இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. சின்னதின் விலை நாற்பத்தேழாயிரம். பாக்கி பதினேழாயிரத்து ஐந்நூறு. அதோடு இதுவரை வகுப்பில் நடந்து முடிந்து, அவள் கைக்கு எட்டாமல் போன பாடங்கள் அத்தனையும்.