வயிற்றுக்குள் ஒரு பீங்கான் பன்றி

அக்கா, லியோனில் நீ இந்நேரம் தூங்கியிருப்பாய். பரவாயில்லை, காலையில் படி. அம்மாவிடம் மட்டும் கேட்காதே, அவள் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருக்கிறது. என் வயிற்றுக்குள் ஒரு பன்றி இருக்கிறது. பீங்கான் பன்றி.

சனிக்கிழமை காலை எங்கள் வகுப்பு லுவார் நதிப் பக்கம் கோட்டை மாளிகைகள் பார்க்கக் கிளம்பியது. முதல் நாள் இரண்டு மாளிகை. இரண்டிலும் படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஏறியது. இரண்டிலும் ஏதோ ஒரு ராஜா ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போயிருந்தார். வரலாற்று ஆசிரியர் மிசியே கொர்பினோ ஒவ்வொரு கணப்பின் முன்னாலும் நெஞ்சில் கைவைத்து நின்றார்.

"இந்த ராஜாக்களுக்கு வீடே கிடையாதாடா? ஊர் ஊராப் போய்ப் படுத்திருக்கானுங்க" என்றான் பசீல். பசீலை உனக்குத் தெரியும். நம் வீட்டு மீன் தொட்டியை உடைத்தவன்.

இன்று மூன்றாவது மாளிகை. அதில் ஆட்கள் இன்னும் குடியிருக்கிறார்கள். சொந்தக்காரி மதாம் த வெர்சான் ரப்பர் பூட்ஸோடு வந்து அவரே டிக்கெட் கிழித்தார், அவரே எல்லா அறையும் சுற்றிக் காட்டினார். பழைய மரத்தரை கீறிவிடுமாம், ஷூவுக்கு மேல் கம்பளிச் செருப்பு மாட்டிவிட்டார்கள். வழுக்கி வழுக்கி நடந்தோம். எங்கே தொட்டாலும் பனிக்கட்டி. சூடாக இருந்த ஒரே இடம் சமையலறை. அங்கே நீள மேஜையில் பெரிய ராஜா கேக், ஜனவரியில் உள்ளே ஒரு பீங்கான் பொம்மையை ஒளித்துச் சுடுவார்களே, அது.

"ஜனவரியில என் வீட்டுக்கு வந்தவங்க யாரும் இதைச் சாப்பிடாமப் போனதில்ல. உள்ள இருக்கிறது எங்க குடும்பத்துப் பன்றி. அஞ்சு தலைமுறையா அதே பன்றிதான். பல்லை உடைச்சுக்காதீங்க, பன்றியையும் உடைச்சிடாதீங்க" என்றார் மதாம்.

வயதில் சின்னவர்தான் மேஜைக்கு அடியில் போய், எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டும், இல்லையா? எங்கள் வகுப்பில் அது ஓர்த்தான்ஸ். ஆமாம், அதே ஓர்த்தான்ஸ்தான். மேஜைக்கு அடியில் படுத்திருந்த மதாமின் கிழட்டு நாய் பக்கத்தில் அவள் போய் உட்கார்ந்தாள்.

"இது யாருக்கு?" என்று மதாம் கத்தியை வைத்தார்.

"பசீலுக்கு. சின்னதா வெட்டுங்க மதாம், அவன் ஏற்கெனவே என் சாண்ட்விச்சையும் சேர்த்துத் தின்னுட்டான்."

"இது?"

"தித்துவானுக்கு."

என் துண்டை இரண்டு வாய் கடித்தேன். மூன்றாவதில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. நாக்கால் தடவிப் பார்த்தேன். மூக்கு. குட்டிக் காது.

மற்றவர்களாக இருந்தால் துப்பிவிட்டுக் கத்துவார்கள். ஆனால் பன்றி கிடைத்தவன் ராஜா. ராஜா கிரீடம் வைத்துக்கொண்டு ஒரு ராணியைத் தேர்ந்தெடுத்து, எல்லார் முன்னாலும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுக்க வேண்டும். நான் யாரைச் சொல்லுவேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். அவளைச் சொன்னால் இருபது செல்போன் படம் பிடிக்கும். வேறு யாரையாவது சொன்னால் அதைவிடக் கேவலம். பன்றியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். அப்புறம் சத்தமில்லாமல் தட்டுக்கு அடியில் வைத்துவிடலாம் என்று யோசனை.

"தித்துவான், சும்மாதானே இருக்கே? இந்தச் சமையலறை எந்த நூற்றாண்டு, சொல்லு பார்ப்போம்" என்றார் மிசியே கொர்பினோ.

"பதினா..." என்றேன். பன்றி உள்ளே போய்விட்டது.

"பதினாலா, பதினாறா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வரலாற்றில் மனம் உருகிவிட்டான் என்று நினைத்து அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கேக் தீர்ந்தது. பன்றி வரவில்லை. மதாம் தட்டுகளைத் தூக்கிப் பார்த்தார், துண்டுத் துணுக்குகளை விரலால் கிளறினார். அவர் முகம் வெளுத்துப்போனது.

"மேஜைக்கு அடியில இருந்தது நீதானேம்மா? ஏதாவது கீழ விழுந்துச்சா?" என்று ஓர்த்தான்ஸிடம் கேட்டார்.

"இல்ல மதாம். நான் நாய் கூடத்தான் இருந்தேன்."

"பையைக் காட்டிடேன், முடிஞ்சுது" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். ஓர்த்தான்ஸ் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். கைக்குட்டை, பாதி பிஸ்கட், ஒற்றைக் கையுறை. "நான் ஒண்ணும் திருடி இல்ல" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"என்கிட்ட இருக்கு மதாம்."

"அப்பாடா! குடுப்பா."

"குடுக்க முடியாது."

"ஏன் முடியாது?"

வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். பசீல் தரையில் விழுந்து புரண்டான்.

மிசியே கொர்பினோ டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் சிரித்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "ஜனவரி வந்தா எங்களுக்கு இதே வேலைதான் மிசியே. வலி வந்தாக் கூப்பிடுங்க. இல்லைன்னா காய்கறி சூப் குடுத்துட்டுக் காத்திருங்க."

மதாம் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்க மாமா ஒருத்தரும் முழுங்கினார். மூணு நாள் வீட்ல ஒருத்தரும் வேட்டைக்குப் போகல, அவரையே பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றார். பிறகு தங்கக் காகிதக் கிரீடத்தை எடுத்து என் தலையில் வைத்தார். "பன்றி எங்க இருந்தா என்ன, ராஜா ராஜாதான். ராணி யாருன்னு சொல்லு."

அக்கா, பன்றியை முழுங்கியது அத்தனையும் வீண்! விரலை மட்டும் நீட்டினேன். இருபது செல்போனும் ஓர்த்தான்ஸ் பக்கம் திரும்பின.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். "நான் பையைக் கொட்டும்போது பாத்துக்கிட்டு நின்னேல்ல?"

"ம்."

"அப்ப பன்றி வெளிய வரட்டும். மதாம் கைக்குத் திரும்பிப் போகட்டும். அதுக்கப்புறம் யோசிக்கிறேன்."

"ராஜாவே, நாடே உங்க வயித்தை நம்பித்தான் இருக்கு" என்றான் பசீல். பஸ் வீடு திரும்பும் வரை என் வயிற்றைப் பார்த்து வணக்கம் வைத்துக்கொண்டே வந்தான்.

அம்மா மாவு சலிக்கும் சல்லடையைக் கழிப்பறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இனி இந்த வீட்டில் கேக்கைத் தொட மாட்டேன். இரண்டு கிண்ணம் சூப் குடித்தாகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. வயிறு உறுமும்போதெல்லாம் எழுந்து உட்காருகிறேன். வராமலே போய்விட்டால்? உள்ளேயே உடைந்துவிட்டால்? அஞ்சு தலைமுறை என்னோடு முடிந்துவிட்டால்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு செய்தி வந்தது. ஓர்த்தான்ஸ். அவள் எனக்கு இதுவரை எழுதியதே இல்லை.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல" என்று அனுப்பினேன்.

"சூப் குடிச்சியா?"

"ரெண்டு கிண்ணம்."

"இன்னொண்ணு குடி."

அவ்வளவுதான் அக்கா. எழுந்துவிட்டேன். அடுப்பில் சூப் சூடாகிக்கொண்டிருக்கிறது.