பொதுக்குழுவில் கேட்ட கேள்வி

குருமூர்த்தி கை தூக்கினால் கூடவே எண்ணூறு கை தூக்கும் என்று அந்தக் கம்பெனியில் ஒரு பேச்சு இருந்தது. ஓசூர் தொழிற்பேட்டையில் காருக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி. பதினெட்டு வருசமாக அங்கே மிஷினில் நிற்கிறவன், தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். நிர்வாகத்தார் வாங்கிக் கொடுத்து ஒரு டீகூடக் குடித்ததில்லை. அந்த நேர்மையைப் பற்றி அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சங்கத்தை உண்டாக்கிய தலைவர் திம்மராயன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். கூட்டத்தில் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் சிரிக்க வைத்து, கன்னடத்தில் முடிப்பார். ஒப்பந்தத் தொழிலாளர் இருநூறு பேரை நிரந்தரமாக்கச் சொல்லி நாற்பத்தோரு நாள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஜெயித்தவர். குருமூர்த்தியைச் செயலாளராக்கியதும் அவர்தான். குருமூர்த்தியின் மனைவி சுகுணாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. மகள் ஜெயப்ரியாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி என்று அவர் மடியில்தான் உட்கார வைத்தார்கள்.

அந்த வருசம் மே தின ஊர்வலத்தில், கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் திம்மராயன் தலையில் ஒரு மைசூர்ப் பேட்டாவை வைத்தார்கள். சரிகை போட்ட தலைப்பாகை. வேண்டாம் வேண்டாம் என்று சிரித்தார். ஆனால் பஸ் ஸ்டாண்டு வந்து சேரும்வரை கழற்றவில்லை. சாயங்காலம் இணைச் செயலாளர் ராஜ்குமார் அதைத்தான் முதலில் பேச்சுக்கு எடுத்தான்.

“பாத்தீங்களாண்ணா, அதைக் கழட்ட அவருக்கு மனசே வரல.”

குருமூர்த்தியும் பார்த்திருந்தான்.

திம்மராயன் அடுத்த வருசம் ஓய்வு பெற வேண்டியவர். வேலையில் இருப்பவர்தான் தலைவராக இருக்கலாம் என்பது சங்க விதி. அதை எழுதியது குருமூர்த்தி. அந்த விதியை எடுத்துவிடலாம் என்று கமிட்டியில் திம்மராயனே பேச்செடுத்திருந்தார். அது அவன் மனசில் முள்ளாகக் கிடந்தது. ராஜ்குமார் அந்த முள்ளைப் பிடுங்கவில்லை, தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சாகும்வரை அவர்தான் தலைவர், நாமெல்லாம் கொடி பிடிக்கிறவர்கள் என்பான். ஒரு நாள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். மத்திகிரியில் கம்பெனியின் பர்சனல் மேனேஜர் வீட்டு வாசல். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர் திம்மராயன். சம்பள ஒப்பந்தப் பேச்சு ஆரம்பிக்க இரண்டு வாரம் இருந்த சமயம்.

“மூணு தடவ போயிருக்காரு, தனியா. நான் கேட்டா பதவி ஆசைம்பாங்க. நீங்க கேட்டாத்தான் அது கேள்வி. அவர்கிட்டத் தனியாப் போய்க் கேட்டுராதீங்க, பேசியே மயக்கிருவாரு.”

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சுகுணா சொன்னாள்: “நம்ம வீட்டுல கை நனைச்ச மனுசன். ஒரு தடவ நேரா போய்க் கேளுங்க. தப்புன்னா அப்புறம் மேடை ஏறுங்க.” பொது விஷயத்தில் உறவைக் கொண்டுவரக் கூடாது என்றான் குருமூர்த்தி. சொல்லும்போதே தன் குரல் தனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு. படத்தை அச்செடுத்து வரிசை வரிசையாகக் கொடுத்திருந்தான் ராஜ்குமார். குருமூர்த்தி மைக்கைப் பிடித்து, தலைவர் மேனேஜர் வீட்டுக்குப் போனாரா என்று கேட்டான்.

“போனேன்,” என்றார் திம்மராயன்.

“எதுக்கு?”

திம்மராயன் அவன் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் குருமூர்த்திக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பார்வையில் இருந்தது ஆச்சரியம் மட்டும்தான்.

“சொல்ல முடியாது. சொல்றதில்லைன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

மண்டபம் இரைந்தது. குருமூர்த்தி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைப் படித்துவிட்டுக் கையைத் தூக்கினான். மளமளவென்று கைகள் எழுந்தன. திம்மராயன் மேடையை விட்டு இறங்கி, நாலாவது வரிசையில் ஒரு காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எண்ணி முடிக்கும்வரை எழுந்து போகவில்லை.

தலைவர் பதவி தனக்கு வேண்டாம் என்று குருமூர்த்தி சொன்னான். நியாயத்துக்குச் செய்தேன், நாற்காலிக்கு இல்லை என்றான். ராஜ்குமார் தலைவரானான்.

மூன்றாவது வாரம் நிர்வாகத்தார் திம்மராயனை வேலையை விட்டு நீக்கினார்கள். நாற்பத்தோரு நாள் போராட்டத்தின்போது ஆலையை முடக்கினார் என்ற பழைய விசாரணையைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். தலைவராக இருந்தவரை அதைத் தொடத் தயங்கியவர்கள்தான். சங்கம் ஒரு கண்டன நோட்டீசாவது ஒட்ட வேண்டும் என்று குருமூர்த்தி கேட்டான். பார்க்கலாம் என்றான் ராஜ்குமார். ஐந்தாவது வாரம் ஒப்பந்தம் கையெழுத்தானது. யாரை வேண்டுமானாலும் எந்த ஊர் ஆலைக்கும் மாற்றலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. இரண்டு நாளில் குஜராத் ஆலைக்கு முப்பத்துநாலு பேர் மாற்றல் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறியது. முதல் பெயர் குருமூர்த்தி.

சங்க அறைக்குப் போனான். ராஜ்குமார் எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

“உங்க மேல மரியாதை இல்லாம இல்லண்ணா. ஆனா கேள்வி கேக்குற ஆளப் பக்கத்துல வச்சுக்கிட்டா என்ன ஆகும்னுதான் அவரு விஷயத்துல பாத்தாச்சே.”

மறுநாள் குருமூர்த்தி தேன்கனிக்கோட்டை பஸ் ஏறினான். கிராமத்தில் திம்மராயன் மனைவி வெங்கடம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லாமல் உள்ளே போனாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் கொல்லைக்கு வழி காட்டினார். ராகிக் கொல்லையில் யானை மிதித்துப் போட்ட வேலியை நிமிர்த்திக்கொண்டிருந்தார் திம்மராயன். கேட்காமலே குருமூர்த்தி கல்லுக்கால் ஒன்றைத் தூக்கிப் பிடித்தான். குழியில் மண் தள்ளி மிதித்த பிறகுதான் அவர் பேசினார்.

மாற்றல் பட்டியல் மார்ச் மாதமே தயாராகிவிட்டதாம். மனசு பொறுக்காமல் மேனேஜர்தான் அவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். வெளியே தெரிந்தால் மேனேஜரின் வேலை போய்விடும், அதற்குத்தான் வாக்கு. மூன்று தடவை போய் மன்றாடி, ஒப்பந்தம் முடியும்வரை அந்தப் பட்டியலைக் கிடப்பில் போட வைத்திருக்கிறார். ஒப்பந்தத்தில் அந்த மாற்றல் வரியை நுழைய விடாமல் தடுத்துவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார்.

“அப்பவும் உன் பேருதான் மொதல்ல,” என்றார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணா.”

“எண்ணூறு பேரு முன்னாடி எப்பிடிச் சொல்றது, குரு? நீ வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா உனக்கு மட்டும் சொல்லியிருப்பேன். படம் சுத்துதுன்னு என் காதுக்கும் வந்துச்சு. நீ வருவேன்னுதான் ஒரு வாரமா எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்.”

குருமூர்த்தி வரப்பில் உட்கார்ந்தான். திம்மராயன் கை மண்ணைத் தட்டினார்.

“தலைவனாவே இருந்துரலாம்னு ஆசைப்பட்டதும் நெஜந்தான். அதுக்காக நீ என்னை எறக்கியிருந்தா வருத்தமே இல்ல. வித்துட்டேன்னு நெனச்சுட்டியே.”

கிளம்பும்போது, மேனேஜர் இன்னும் வேலையில் இருக்கிறார், இது யாருக்கும் தெரியக் கூடாது என்றார். குருமூர்த்தி தலையாட்டினான்.

மறுநாள் மத்தியானம் ஷிஃப்ட் மாறும் நேரம், கேட்டுக்கு வெளியே நின்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்: திம்மராயன் எந்தத் தப்பும் செய்யவில்லை, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். பேக்கிங் பிரிவு மாதேஸ்வரி நின்றாள். திம்மராயன் போராடி நிரந்தரமான இருநூறு பேரில் ஒருத்தி. “அப்ப எதுக்குண்ணா அங்க போனாரு? சொல்லுங்க, நான் நாலு பேருகிட்டச் சொல்றேன்,” என்று ஆசையாகத்தான் கேட்டாள். “அதைச் சொல்ல முடியாதும்மா,” என்றான் குருமூர்த்தி. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். குஜராத் போகணும்னு வந்ததும் அண்ணனுக்கு ஞானம் வந்துருச்சு என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மாதேஸ்வரி போய்விட்டாள்.

குருமூர்த்தி குஜராத்துக்குப் போகவில்லை. சேலம் தொழிலாளர் நீதிமன்றத்தில் திம்மராயன் தொடுத்த வழக்கில் அவருக்காகச் சாட்சிக் கூண்டு ஏறினான். நாற்பத்தோரு நாள் போராட்டத்தை அறிவித்த நோட்டீசில் இருப்பது தன் கையெழுத்து, முடிவும் கமிட்டி எடுத்தது, தனி மனிதர் எடுத்ததில்லை என்று சொன்னான். அது தன் வேலைக்கும் உலை வைக்கும் என்று தெரிந்துதான் சொன்னான். அடுத்த மாதமே வேலை நீக்க உத்தரவு வந்தது. இப்போது சூளகிரியில் ஒரு சின்னப் பட்டறையில் நாள் கூலிக்கு மிஷின் ஓட்டுகிறான். ராஜ்குமாரை மாவட்ட அளவில் ஏதோ பொறுப்புக்குப் பேசுவதாகப் பேப்பரில் வந்திருந்தது.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாய்தாவுக்கு இருவரும் ஒரே வராந்தாவில் நிற்கிறார்கள். திம்மராயன் வக்கீல் சொன்னதைச் சொல்வார், மழை பெய்ததா என்று கேட்பார், ஜெயப்ரியாவின் படிப்பை விசாரிப்பார். முகத்தில் எந்தக் கசப்பும் தெரியாது. ஆனால் அவனைக் குரு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். சுகுணா ஒரு தடவை வெங்கடம்மாளுக்குப் புடவை எடுத்துக்கொண்டு போனாள். வெங்கடம்மாள் அவளுக்குச் சோறு போட்டு, புடவையையும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.