பஞ்சு மார்க்கெட்டில் இறங்கியவர்

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு மத்தியானம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், செத்துப்போன ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதை அமலோற்பவம் பார்த்தாள்.

அவர் காலுக்கிடையில் ஓலைப் பெட்டி இருந்தது. அதிலிருந்து கருவாட்டு வாடை வந்தது. நெற்றியின் இடது பக்கத்தில் காது வரைக்கும் முடி முளைக்காத ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் அவளுக்குப் புதிது. மற்றபடி அதே மூக்கு, அதே தொங்கிய கீழுதடு. மிக்கேல் மாமாதான். அவளுடைய அப்பா சூசை, துடுப்பால் அடித்துக் கொன்ற மிக்கேல்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. திருச்செந்தூருக்குத் தெற்கே குருசடித்துறை என்ற சின்ன ஊர். வள்ளங்கள் கரையேறிய சாயங்காலம். அவள் ஈர மணலில் நண்டு வளைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். யாரோ வலையை அறுத்துவிட்டார்கள் என்று அப்பாவுக்கும் மிக்கேலுக்கும் பேச்சு முற்றியது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் துடுப்பு இறங்கிவிட்டது. மிக்கேல் ஒருக்களித்து விழுந்தார். பாதிக் கண் திறந்திருந்தது. உதட்டில் மணல் ஒட்டியிருந்தது. “போச்சே, ஆளு போச்சே” என்று ஒரு பெண் அலறினாள். அம்மா ஓடிவந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் பனங்காட்டுக்குள் விழுந்தடித்து ஓடினார்கள். அடுப்பில் கொதித்த உலையை இறக்கக்கூட நேரமில்லை. ரோட்டில் ஓர் உப்பு லாரி நின்றது. அது ராஜபாளையம் போகிற லாரி. அதனால் அவர்கள் ராஜபாளையத்துக்காரர்கள் ஆனார்கள்.

சூசை முருகேசன் ஆனார். பஞ்சு குடோனில் பொதி தூக்கினார். அமலோற்பவம் பள்ளிக்கூடத்தில் தங்கம் ஆனாள். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் சாத்தூர் பக்கம் என்று சொல்ல வேண்டும். மாதா கோயிலுக்குப் போகக் கூடாது. பாட்டுக்கு வாய் தானாக அசைந்துவிடும். மீன் வாங்கக் கூடாது. மீன் லாரி கடற்கரையிலிருந்துதான் வருகிறது, கூடவே தெரிந்த முகம் எதுவும் வரலாம். ஆசை தாங்காத நாளில் அம்மா செல்வமரி கண்மாய் மீன் வாங்குவாள். சேறு நாறுகிறது என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே கழுவுவாள். பக்கத்து வீட்டுக்குத் திருச்செந்தூரிலிருந்து விருந்தாள் வந்ததற்காக ஒரு தடவை வீட்டையே மாற்றினார்கள். போலீஸ் ஜீப் தெருவுக்குள் வந்தால் அப்பா சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போய் நிற்பார்.

அந்தப் பயம் அவளுடைய ஊரையும் சேர்த்துத் தின்றுவிட்டது. அலைச் சத்தத்தை நினைத்தால் அதன் பின்னாலேயே அந்த அலறல் வந்துவிடும். மணலை நினைத்தால் அந்த உதடு வரும். மில்லில் துணி மடிக்கும் வேலைக்குப் போகிற இந்த வயதிலும், ஊர் நினைப்பு வந்தால் வேறெதையாவது சத்தமாகப் பேசத் தொடங்குவாள்.

பஸ்ஸில் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அம்மாவின் முகம். அது அவளுக்கே தெரியும். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

“ஏட்டி, நீ செல்வமரி மவ அமலிதான?”

அந்தப் பெயரை வெளியாள் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. பேய் கருவாட்டுப் பெட்டி சுமக்காது. அப்படியானால் உயிரோடு இருக்கிறார்; பழி வாங்க வந்திருக்கிறார்.

“நான் தங்கம். சாத்தூரு” என்றாள்.

பஞ்சு மார்க்கெட்டில் பஸ் நிற்கும் முன்பே குதித்தாள். திரும்பிப் பார்த்தபோது அவரும் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகிற தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடந்தாள். வீட்டைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது. பூக்கடை, பாத்திரக்கடை, மறுபடி பூக்கடை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஜனங்களுக்கு நடுவே அந்தப் பள்ளம் விழுந்த தலை தெரிந்தது. ஓடினால் எல்லோரும் பார்ப்பார்கள். ஓடாமல் இருக்கக் கால் கேட்கவில்லை. கடைசியில் சேக் முகைதீன் குடைக்கடைக்குள் நுழைந்து, தொங்கிய குடைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“என்னம்மா, மொகமெல்லாம் வேத்துக் கெடக்கு?” என்றார் சேக் முகைதீன். அதற்குள் மிக்கேல் வாசலில் நின்றார். கடைக்காரர் அவர் பக்கம் திரும்பினார். “யாருய்யா நீ? பொம்பளப் புள்ள பின்னாலயே வார?”

“இவ அப்பனத் தேடுதேன் பாய். சூசைய. ஒரு வார்த்த பேசணும், அம்புட்டுத்தான்.”

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. “எங்கப்பா செத்துப் போயிட்டாவ” என்றாள்.

“செல்வமரி?”

“அவியளும்.”

மிக்கேல் பெட்டியை இறக்கினார். இறக்கிய வேகத்தில் அவரும் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

“நான் கண்ணு முழிச்சப்போ ஒங்க மூணு பேரையும் காணல. எந் தம்பிமாருதான் ஒங்கள வெட்டிக் கடல்ல போட்டுட்டாவன்னு ஊரே சொல்லிச்சு. ஒங்க தாய்மாமன் இஞ்ஞாசி போலீஸக் கூட்டிட்டு வந்தான். அடி தாங்காம சின்னவன் ஊர விட்டே போயிட்டான். பெரியவனுக்கு இன்னும் யாரும் பொண்ணு குடுக்கல. கொலகாரக் குடும்பமாம். ராத்திரி கதவத் தட்டுனா இஞ்ஞாசி ஆளுவதான்னு நடுங்கியே காலம் போச்சு. கருவாட்டுப் பெட்டியோட ஊர் ஊராப் போறதே ஒங்களத் தேடித்தான்.” அவளை நிமிர்ந்து பார்த்தார். “கல்லறையாவது எங்கன்னு காட்டு தாயி. கல்லுல பேரு இருக்குமில்ல? இஞ்ஞாசியக் கூட்டியாந்து காட்டுதேன்.”

அமலோற்பவம் அவர் முகத்தையே பார்த்தாள். இதுவும் ஒரு தந்திரமாக இருந்தால்? ஆனால் கல்லறை கேட்கிற முகத்தில் தந்திரம் எதுவும் தெரியவில்லை. “இங்கனயே இருங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். மிக்கேல் உயிரோடு இருக்கிறார் என்றதும் அப்பா முகம் தெளியும் என்று நினைத்திருந்தாள். தெளியவில்லை. சோற்றுக் கையோடு எழுந்தார். கொடியில் கிடந்த துணிகளை உருவிப் பைக்குள் திணித்தார்.

“கெளம்புங்க. மெட்ராஸுக்குப் போயிரலாம். அவன் அடிபட்டது அடிபட்டதுதான? பின்னாலயே தம்பிமாரு இருப்பானுவ.”

“சின்னத் தம்பி ஊர்லயே இல்லங்காவ, அப்பா.”

“அவஞ் சொல்லுதான். நீ நம்பிட்டு வார.” பையின் ஜிப் அவருக்கு மாட்டவில்லை.

செல்வமரி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “எங்க அண்ணன் இஞ்ஞாசி நம்மள செத்துட்டோம்னா நெனச்சிட்டு இருக்காவ?” என்று மட்டும் மகளிடம் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். செருப்புகூடப் போடாமல் வாசலில் இறங்கி நடந்தாள்.

“ஏ செல்வமரி, போகாத” என்றார் அப்பா. அவள் திரும்பவில்லை.

குடைக்கடைப் படியில் மிக்கேல் அப்படியே இருந்தார். பாய் கொடுத்த சோடா குடிக்காமல் பக்கத்தில் இருந்தது. செல்வமரியைக் கண்டதும் எழுந்தார். பிறகு பின்னால் ஓரடி நகர்ந்தார். அவருக்கும் செத்தவளைப் பார்க்கிற பயம்.

“எங்க அம்மா இருக்காவளாண்ணே?” என்றாள் செல்வமரி.

“போன ஈஸ்டருக்கு முந்துன தவசுக் காலத்துல போயிட்டாவ. இஞ்ஞாசி இருக்கான்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம், லைட் கம்பத்துக்குப் பின்னால் பையும் கையுமாக அப்பா நிற்பதை அமலோற்பவம் பார்த்தாள். ஓடிப்போவதற்காகக் கட்டிய பைதான். ஆனால் மனைவியையும் மகளையும் விட்டு ஓட அவரால் முடியவில்லை. மிக்கேலும் பார்த்துவிட்டார். வண்டிகளுக்கு ஊடே ரோட்டைக் கடந்து போனார். அப்பா தலைக்கு மேல் கையைத் தூக்கினார். அடி விழப்போகிறது என்று நினைத்துவிட்டார்.

மிக்கேல் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

“ஒன்ன ஒண்ணுஞ் செய்ய மாட்டேன், சூசை. ஊருக்கு வந்து ஒரு நாள் நில்லு. நீ நடமாடுறத எல்லாரும் பாக்கட்டும். அது போதும்.”

“போலீசு?”

“நான் எழுதிக் குடுத்தாத்தான போலீசு. நான் யார் மேலயும் குடுக்கலயே.”

அப்பாவுக்கு அது விளங்கவே வெகுநேரம் ஆனது. திருநெல்வேலி பஸ்ஸில் ஏறிய பிறகும் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு முகம் தெரியுமாம். மிக்கேல் ஜன்னலோரம் உட்கார்ந்து அவரை மறைத்துக்கொண்டார். பின் சீட்டிலிருந்த அமலோற்பவமும் பழக்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சங்கரன்கோவிலைத் தாண்டியதும் அப்பா மெதுவாகக் கேட்டார்.

“ஒந் தம்பி வருவானா?”

“பெரியவன் வருவான்” என்றார் மிக்கேல். “வந்து ஒன்னத் தொட்டுப் பாப்பான்.”