நாரைகள் நின்ற இடம்

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலேயிருக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து சூசைரட்ணமும் இராசம்மாவும் மடு மாதா திருவிழாவுக்கு வந்திருந்தார்கள். ஆறு வருஷம் காத்திருந்து பெற்ற பெண்பிள்ளையை மாதாவின் முன்னால் கிடத்தி நேர்த்திக்கடனை முடித்தாயிற்று. பக்கத்து ஓலைக் கொட்டிலில் தங்கியிருந்த மரியநாயகி விடவில்லை. "கடலைக் காணாமப் போறியளோ? எங்கட ஊருக்கு வந்து ரெண்டு நாள் நிண்டிட்டுப் போங்கோ" என்று கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

ஆறு கடலில் விழும் இடத்தில் இருந்தது அந்த மீனவர் கிராமம். ஆண்கள் தொழிலுக்குப் போயிருந்தார்கள். கரையில் காயும் வலைகளைத் தவிர ஒன்றுமில்லை. மரியநாயகி மீன் கழுவ உட்கார்ந்த நேரத்தில் இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுவாய்ப் பக்கம் நடந்தார்கள். ஆற்றின் நடுவே நீளமான ஒரு மணல்திட்டு. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய் நூற்றுக்கணக்கில் நாரைகள். ஒரு லயத்து வீடுகளின் சலவை முழுவதையும் தண்ணீரில் நிற்கவைத்தது போல இருந்தது இராசம்மாவுக்கு. கணுக்கால் நீரில் நடந்து திட்டில் ஏறி, அதன் கடைசிவரை போனார்கள்.

"நம்ம தோட்டத்துக் கண்டாக்கையா இதப் பார்த்தா காலைப் பெரட்டுக்கு ஆளுங்க நிக்கிறாங்கன்னு நெனச்சுப் பேர் போட ஆரம்பிச்சிருவாரு" என்றான் சூசைரட்ணம்.

"மெதுவாப் பேசுங்க. பறந்துரும்."

பிள்ளை மடியில் தூங்கியது. அவளும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். திரும்பியபோது ஏதோ குறைந்திருந்தது.

"ஏங்க, நம்ம காலடியக் காணோமே?"

அவன் எழுந்து ஆறு வரும் திசையைப் பார்த்தான். அவளும் அங்கேதான் பார்த்தாள். மலையில் துணி துவைக்கும்போது அடிக்கொரு தரம் மேலே பார்த்துப் பழகிய கண்கள் அவை. மேலே கறுத்தால் ஓட வேண்டும், வெளுத்திருந்தால் பயமில்லை.

"ஒரு பொட்டு மேகம் இல்ல. மழையில்லாம ஆத்துல தண்ணி எப்படிடி ஏறும்?"

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய குதிகால் நனைந்தது. தண்ணீர் பின்னாலிருந்து வந்திருந்தது, கடல் பக்கமிருந்து. நுரையில்லை, இரைச்சலில்லை. ஆறு பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஏறி வந்த இடம் எது? எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர்.

"இந்தப் பக்கம் ஒடுக்கமா இருக்கு. நாலே எட்டு" என்று அவன் இறங்கினான். ஓடையைக் கடக்க ஒடுக்கம் பார்ப்பதுதான் அவர்கள் வழக்கம். இரண்டாவது எட்டில் மார்பு வரை போய்விட்டான். மூன்றாவதில் தலை மட்டும் தெரிந்தது. மணலைப் பிறாண்டித் தவழ்ந்து வந்தவனின் முகத்தை அவள் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

"கால் ஊன அடியே இல்ல, இராசு. அடியே இல்ல."

திட்டு இப்போது ஒரு பாய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கரையில் மரியநாயகி கைகளை வீசிக் கத்துவது தெரிந்தது; காற்று அதைக் கொண்டுபோனது. மாதாவே, குடுத்துட்டுத் திருப்பிக் கேக்காத என்று மட்டும் இராசம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த நாரைகளைக் கவனித்தாள். ஆற்றின் அகலமான பக்கத்தில், கரை வரைக்கும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் கால் மடங்கும் முட்டு தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

"இப்படி வாங்க!"

"அங்கயா? கடல் மாதிரி கெடக்கு!"

"அதுங்க நிக்குதில்ல?"

பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அவள் முன்னால் இறங்கினாள். அவன் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டான். முழங்கால். அடுத்தும் முழங்கால். ஆனால் கிட்டே போகப் போக நாரைகள் பறந்தன. ஒன்று எழும்பியதும் அது நின்ற இடம் வெறும் தண்ணீராகிவிட்டது. 'போகாத, போகாத' என்று உதடு முணுமுணுக்க, எழும்பிய இடத்திலேயே கண்ணைப் பதித்து நடந்தாள். தொடை. இடுப்பு. பிள்ளை விழித்து வீறிட்டது. மீதி நாரைகளும் ஒன்றாக எழும்பின.

இடுப்புத் தண்ணீரில் ஓடிவந்து மரியநாயகி அவள் தலைமயிரையே பிடித்து இழுத்தாள்.

"விசர்ப் பிள்ளையளே! வத்தின கடல் திரும்பி வராதோ?"

மணலில் உட்கார்ந்த பிறகும் பிள்ளையின் துணியைப் பற்றிய இராசம்மாவின் விரல்கள் திறக்கவில்லை. மரியநாயகிதான் ஒவ்வொன்றாக விரித்தாள்.

"யக்கா, இந்தத் தண்ணி இங்க எப்ப ஏறும்?"

"இங்க ஏறாது, பிள்ளை."

இராசம்மா நம்பவில்லை. நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். நாரைகளில் ஒன்றிரண்டு அங்கே இறங்கப் பார்த்தன. கால் நீட்டின, நிற்க இடம் கிடைக்காமல் மறுபடி மேலே எழும்பின.