பச்சையாய்க் காட்டிய இடம்

துஷாந்தினியின் ஸ்கூட்டியைக் கண்டதும் நாகலிங்கம் தன் ஓட்டோவைச் சற்று முன்னுக்கு வெயிலில் தள்ளி, வேப்பமரத்தின் வேரோர நிழலை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை அவளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கியவர். அவருக்கு அவள் இன்னமும் பின் இருக்கையில் நித்திரையாகிப்போகிற பிள்ளைதான்.

மூன்று மாதத்துக்கு முன்னும் இதே மரத்தடிக்கு வந்திருந்தாள். யாழ்ப்பாண நகரில் வாகனம் நிறுத்த எங்கே இடமிருக்கிறது என்று போனில் காட்டுவது அவள் வேலைசெய்யும் அலுவலகத்தின் திட்டம். வீதியில் சென்சர் பதித்தாயிற்று. ஓடுகிற வண்டிகளின் தகவலும் வேண்டும், உங்கள் ஆட்களின் போன்களைச் சேர்த்துவிடுங்கள் மாமா என்று கேட்டாள். அந்தத் தரிப்பிடத்தின் மற்ற ஐந்து ஓட்டோக்காரரும் தயங்கினார்கள். தாங்கள் போற இடம் வாற இடம் உவையளுக்கு ஏன் என்று ஜெறோம் முறுகினான்.

"எங்கடை பிள்ளை கேக்குது. உனக்கென்ன, சின்னவீடு எங்கை எண்டு தெரிஞ்சுபோடும் எண்ட பயமோ?" என்றார் நாகலிங்கம். சிரித்துக்கொண்டே எல்லோரும் போனை நீட்டினார்கள்.

இன்று காலை அலுவலகக் கூட்டத்தில் அவள் தயாரித்த வரைபடம் திரையில் விரிந்தது. இந்த மரத்தடி ஓட்டோத் தரிப்பிடத்தின் ஆறு கட்டங்களும் பகலின் பெரும்பகுதி பச்சை. பச்சை என்றால் காலி. சும்மா கிடக்கிற ஆறு இடத்தையும் காருக்குக் கொடுத்துவிடலாம் என்றார் மேலாளர் பிரகாஸ். அந்த நேரமெல்லாம் ஆறு பேரும் ஆட்களை ஏற்றி ஹயரில் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கான தகவலும் அவளிடமே இருந்தது. அவர்களுடைய போன்கள் கொடுத்ததுதான். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பிரகாஸ், அவளை வேலையில் நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்திருப்பதாக எல்லார் முன்னாலும் அறிவித்தார். கைதட்டினார்கள். நன்றி என்றாள். அந்தத் தகவலைத் திரைக்குக் கொண்டுவராமலே மடிக்கணினியை மூடினாள்.

திங்கட்கிழமை தரிப்பிடப் பலகையைக் கழற்றப்போகிறார்கள். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். நாகலிங்கம் அதற்குள் பால் விடாத பிளேன்ரீ ஒன்று வாங்கி அவள் கையில் திணித்தார்.

"எங்கடை போன் உதவிச்சுதோ, பிள்ளை?"

"ஓம், மாமா."

"கேட்டியோ?" என்று ஜெறோமின் பக்கம் திரும்பினார். உலகத்துக்கே வழிகாட்டியது தாங்கள்தான் என்பதுபோல் ஜெறோம் தலையை ஆட்டினான். அவள் கோப்பைக்குள் பார்த்தாள்.

சந்தைப் பைகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஓட்டோக்கள் ஒவ்வொன்றாய்க் கிளம்பின. கடைசியாய் நாகலிங்கம் ஏறி உட்கார்ந்தார்.

"இடத்தைப் பாத்துக்கொள், பிள்ளை. கார்காரர் ஆரையும் விட்டிடாதை. பத்து நிமிசத்திலை வாறன், வந்து ஆறுதலாக் கதைப்பம்."

அவர் வளைவில் மறைந்தபோது அவள் கையிலிருந்த போன் திரையில் கடைசிக் கட்டமும் பச்சையானது. போய் அந்த இடத்தின் நடுவில் நின்றாள். பச்சை மாறவில்லை. காலடியில் பதித்திருந்த சென்சருக்கு இரும்பு தெரியும், ஆள் தெரியாது.

வெள்ளைக் கார் ஒன்று ஊர்ந்து வந்து அவளுக்கு முன்னால் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"தங்கச்சி, இடம் காலியோ?"

ஒரு கையில் ஆறிப்போன தேநீர், மறு கையில் போன். காரின் மஞ்சள் விளக்கு, அவள் நின்ற பக்கமாய், மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது.